ரெஜினாவின் கட்டைவிரல் நகம்

செய்தி வந்தபோது என் கையில் ஒரு வாடிக்கையாளரின் கை இருந்தது. ரெஜினாவின் தம்பி ஃபோனில், "யக்கா, எங்கக்கா பூட்டுச்சு" என்றான். பாதியில் நின்ற நகங்களை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். எங்கள் வேலை அப்படி.

ராயபுரத்தில், அவள் வீட்டு வாசலில் போட்டிருந்த சாவுப் பந்தலில் ஒரு பெரியம்மா எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "நாளெல்லாம் அந்த பாலீஷ மோந்துகினே இருந்தா இன்னா ஆவும்? அதான் கேன்சரு." சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரெஜினாவைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாலிஷ்தான் நோயைக் கொடுத்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. பாலிஷ் அதை மறைத்தது. மறைக்கச் சொன்னது ஒரு மனுஷி.

திருவொற்றியூரில் ஒரே பார்லரில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் நகம் செய்தவர்கள் நாங்கள். வந்தவரின் பழைய சாயத்தைக் கழற்றி, வாசல் வெளிச்சத்தில் விரல்களைத் திருப்பிப் பார்க்காமல் ரெஜினா பிரஷ்ஷைத் தொடமாட்டாள். காசிமேட்டில் ஐஸிலும் இறாலிலும் கை ஊறும் ஒரு மீன்காரம்மா, மகள் கல்யாணத்துக்காக வந்தார். விரலில் எலுமிச்சம்பழம் செருகியிருந்தது. நகச்சுத்தி. பழத்தை எடுத்தால் நக ஓரம் வீங்கிச் சீழ் கோத்திருந்தது.

"இது தெரியாத மாதிரி செவப்பா அடிச்சி வுடு பாப்பா."

"யக்கா, நகத்த ஒட்டிகினு கீற இந்தத் தோலு இருக்குதே, அது கதவு. தண்ணிலயே கெடந்து கதவு பிச்சிக்கிச்சு, கிருமி பூந்துகிச்சு. மொதல்ல டாக்டராண்ட போ. ஆறினதும் வா, நானே போட்டு வுடறேன்."

இன்னொரு நாள் ஒரு கல்யாணப் பெண். ஒட்டிய செயற்கை நகம் தூக்கிக்கொண்டு, உள்ளே ஈரம் தங்கி, சொந்த நகம் பச்சையாகியிருந்தது. மேடம், அதாவது எங்கள் முதலாளி, "மேல டார்க்கா ஒரு கலர் போட்டு அனுப்பு" என்று காதில் சொன்னார். ரெஜினா காதில் சொல்லவில்லை. "பச்சை மேல கலர் அடிச்சா உள்ள இன்னா மாறும் மேடம்? காத்து போவாம இன்னும் கலீஜாவும்" என்றாள் எல்லோருக்கும் கேட்க. பெண் கோபித்துக்கொண்டு போனாள். மேடம் அன்று முழுக்க ரெஜினாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வேலைக்குச் சேரும் பெண்களிடம் அவள் சொல்வது இது: "நாம அறுக்கிறது செத்த நகம். தோலுக்குள்ள அது மொளைக்கிற வேரு உசுரோட கீது. ஒத்த வெரல்ல மட்டும் கருப்புக் கோடு வந்து அகலமாயிகினே போனா, பக்கத்துத் தோலும் கருத்தா, கலர் அடிக்காத. தோல் டாக்டராண்ட அனுப்பு."

இதைச் சொன்னவளுடைய இடது கட்டைவிரலில்தான் அந்தக் கோடு வந்தது. எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். எங்கள் பார்லரில் வேலைக்காரிகளின் நகம்தான் விளம்பரம். வெறும் நகத்தோடு யாரும் உட்காரக் கூடாது. ஒன்றைக் கழற்றிய கையோடு அடுத்ததைப் போட்டாக வேண்டும். அதோடு, நம் நிறத்துக்காரர்கள் பலருக்கு இருப்பதுபோல ரெஜினாவுக்கும் சின்ன வயதிலிருந்தே பல விரல்களில் மெல்லிய கோடுகள் உண்டு. இதுவும் அதில் ஒன்று என்று நினைத்துவிட்டாள்.

ஒரு நாள் சாயத்தைக் கழற்றியவள் என்னைக் கூப்பிட்டு, "இது மட்டும் பெருசாவுதுடி" என்றாள். நக ஓரத் தோலிலும் கருப்பு இறங்கியிருந்தது. கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். உடனே சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், அதுவரை எதையும் பூசக் கூடாது என்றார் டாக்டர். மேடம் லீவு தரவில்லை. "தீபாவளி முடியட்டும். இப்ப கட்டோட உக்காந்தா கஸ்டமர் ஓடிடுவாங்க. மேல ஒரு கோட் பாலிஷ் அடிச்சுக்கோ."

தீபாவளி முடிந்தது, கிறிஸ்துமஸ் வந்தது, பிறகு பொங்கல். அவள் சம்பளத்தில் ஓடிய வீடு அது. நான் கத்தினேன். "வேலை பூட்டா அம்மாவ யாரு பாப்பாங்க?" என்று திருப்பிக் கேட்டாள்.

பொங்கலுக்குப் பிறகுதான் சதை எடுத்துப் பார்த்தார்கள்; புற்றுநோய் என்று தெரிந்து கட்டைவிரலையே எடுத்தார்கள். அதன் பிறகும் வேலைக்கு வந்தாள். "பார்க்க நல்லா இருக்காது" என்று அவளைப் பின்னறையில் துண்டு துவைக்க வைத்தார்கள். அங்கிருந்தும், "மொதல்ல கழட்டிப் பாருங்கடி" என்று குரல் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். அதற்குள் நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர்.

சாவுக்கு வந்த மலர்வளையங்களிலேயே பெரியது பார்லருடையது. அதில் ரெஜினாவின் பெயரைவிட பார்லர் பெயர் பெரிதாக இருந்தது. தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன். அவள் அம்மா அதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் விட்டேன்.

அடுத்த வாரம் மேடம் என் நாற்காலிக்கு வந்து, "ஒரு ஃபங்ஷன் இருக்கு, இது மேலயே போட்டுடு" என்று கையை நீட்டினார்.

"கழட்டிட்டுத்தான் மேடம்."

"நேரமில்ல."

"ரெஜினாவுக்கும் நேரமில்லன்னுதான் சொன்னீங்க."

வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு விரலாகக் கழற்றினேன். வாசலுக்குக் கூட்டிப் போய், வெயிலில் வைத்து, ரெஜினா பார்ப்பதைப் போலவே நக ஓரம், அடிச்சதை, வேர் என்று பொறுமையாகப் பார்த்தேன். "ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் மேடம்.

ரெஜினாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தப் பார்வையைத்தான். யாருடைய கை என்று அது கேட்பதில்லை.

"ஒண்ணும் இல்ல மேடம், நல்லா இருக்கு" என்றேன். அந்தச் சொல்லை ரெஜினாவுக்குச் சொல்ல யாருக்கும் வாய்க்கவில்லை.