ராஜபிளவை என்று சொன்னோம்

என் மாமியார் ராஜபிளவையில் போனாள் என்பது கோட்டைக்குள் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி. சுத்தப் பொய். அவளுக்கு வந்தது மார்பில் கான்சர். புண் உடைந்த பிறகு தினமும் துணி மாற்றியவள் நான். நாற்றம் வாசல்வரை வரும். சர்க்கரை வியாதி முற்றி முதுகில் பிளவை என்று வருகிறவர்களிடம் சொல்லி, சாம்பிராணியைப் போட்டு ஒப்பேற்றினோம். எல்லாம் என் நாத்தனாருக்காக. அப்போது அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கான்சர் என்று வெளியே தெரிந்தால் எவன் பெண் எடுப்பான்?

கல்யாணம் நடந்துவிட்டது. ஆனால் புக்ககத்தில், அம்மாவுக்குச் சர்க்கரை வியாதியாமே, பெண்ணுக்கும் வந்துவிடுமே என்று அவளுக்கு இனிப்பைக் கண்ணில் காட்டவில்லை. இவளும் வாயே திறக்காமல் இருபது வருஷமாகச் சர்க்கரை போடாத காப்பியும் பாகற்காய்ச் சாறுமாகக் குடித்துக்கொண்டிருந்தாள். சொன்ன பொய்க்கு இப்படி ஒரு பத்தியம் இருந்த பெண்ணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எண்பதுகளின் நடுவில், ஆயுள் பாலிசிக்கு மேலே கான்சருக்கென்று தனியாக ஒரு பாலிசி போடச் சொல்லி என் கணவரின் ஆபீஸ்காரர் ஒருவர் நச்சரித்துக்கொண்டிருந்தார். வேலை நேரம் போக ஏஜெண்ட் தொழில். வேண்டுமா வேண்டாமா என்று வீட்டில் பல நாள் பேச்சு. அந்தப் பேரைச் சொல்லி எதையும் வாங்கினால் வியாதியை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி என்பது கணவரின் கட்சி. கண்ணால் பார்த்தவள் நான். போட்டே ஆகவேண்டும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏஜெண்ட் வந்தார். தன் பெண்ணின் ஜாதகத்தோடு நாத்தனாரும் வந்திருந்தாள். ஏஜெண்ட் கையில் தேங்காய் மூடி. பாலிசி பிடிக்கப் போகும்போதெல்லாம் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒன்று உடைத்துவிட்டுத்தான் வருவாராம். அந்தத் தேங்காயைக் கீறி வாயில் போட்டு மென்றுகொண்டே, எங்கெங்கே கட்டி வரும், எப்படிப் பரவும் என்று விவரித்தார். சகோதரிக்கும் ஒன்று போடலாமே என்று நாத்தனாரையும் பார்த்துச் சிரித்தார். குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்று கேட்டார்.

"ஸாரே, கள்ளம் பறயண்டா. பின்னே தெரிஞ்சா ஒரு காசும் கிட்டாது" என்று பாதி மலையாளத்தில், பொய் மட்டும் சொல்லவேண்டாம் என்று எச்சரித்தார்.

என் கணவர் கண் இமைக்காமல், "அம்மா ராஜபிளவையிலதான் போனா" என்றார். நாத்தனார் தலையாட்டினாள்.

சீ என்று ஆகிவிட்டது எனக்கு. தெருவை ஏமாற்றினோம், சம்பந்தியை ஏமாற்றினோம். இப்போது பணமும் கட்டி நம்மையே ஏமாற்றிக்கொள்ளப் போகிறோமா?

"ராஜபிளவையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மார்ல கான்சர். நான்தான் துணி தோய்ச்சேன்" என்றேன்.

ஏஜெண்ட் மெல்லுவதை நிறுத்தினார். அப்படியானால் ரத்த சம்பந்தம் உள்ளவர்கள் முதலில் டாக்டரிடம் உடம்பைக் காட்டவேண்டும், பிறகு பார்க்கலாம் என்று பையை மூடினார். என் கணவர் அவரை வழியனுப்புகிற சாக்கில் கூடவே வெளியே போய்விட்டார். வீட்டில் சண்டை வரும் வாடை அடித்தால் அவர் கால் தானாக வாசலைத் தேடும்.

நாத்தனார் என்னைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். அவள் பெண்ணின் கல்யாணத்தில் மண்ணைப் போட்டுவிட்டேனாம். அந்த ஆள் சாலைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிடுவானாம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று அழுதாள். இவர்களோடு பேசிப் பிரயோஜனமில்லை என்று அருவருப்போடு சமையலறைக்குப் போய்க் காப்பி கலந்தேன். அவளுக்கு வழக்கம்போலச் சர்க்கரை இல்லாமல்.

கொஞ்ச நேரத்தில் அவளும் உள்ளே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டாள்; குடிக்கவில்லை.

"அம்மாவுக்கு மொதமொதல்ல எப்படி இருந்தது?"

"ஒரு கோலிக்குண்டு மாதிரி. வலியே இல்லைன்னு ஒரு வருஷம் யார்கிட்டயும் சொல்லலை" என்றேன்.

டம்ளரை மேடைமேல் வைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்து மார்பை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் வலி இல்லை, மன்னி."