அணையாத ஹீட்டரும் மூன்று ஃபைல்களும்

சி மொழியில் எழுதிப் பிழைக்கும் சகபாவிகளே, ஒரே ஃபைலில் கிடக்கும் ப்ரோகிராமை மூன்றாகப் பிரித்தால் வேலை சுலபமாகும் என்று யாராவது சொன்னால் நம்புங்கள். அன்றைக்கே சுலபமாகும் என்றால் நம்பாதீர்கள். தக்கலையில் ஒரு மாடி அறையில், ரப்பர் ஷீட் உலர்த்தும் அறைகளுக்குச் சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி செய்கிறோம். ப்ரோகிராம் எழுதுவது நானும் ஷைனியும்.

ஒரு ஃபைல், இரண்டு பேர்

ஹீட்டர் உரிய சூட்டில் அணையவில்லை என்ற குறையை நான் திருத்தினேன். அதே நாளில் ஷைனி திரையில் எழுத்தைப் பெரிதாக்கினாள். இருவருக்கும் ஒரே ஃபைல். அவள் தன் நகலை என்னுடையதன் மேல் சேமித்தாள். என் திருத்தம் போயே போய்விட்டது. எழுத்து மட்டும் பெரிதான பெட்டி திற்பரப்புக்குப் போனது.

மூன்றாம் நாள் பெட்டியை வாங்கிய தங்கராஜ் அண்ணன் அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தார். விடாத மழை, வெயிலில் காயப்போட வழியில்லை. அடுத்த ஈடு ஷீட் அறைக்குள் தொங்குகிறது. அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து, சூடு ஏறும்போதெல்லாம் கையால் சுவிட்சை அணைக்கிறார். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. நாலு மணி பஸ்ஸுக்குள் பெட்டி வேண்டும். கருகிய ஷீட் ஒன்றை என் மேசைமேல் வைத்தார். "இத ஷீட்டுன்னு சொல்லுவியா மக்கா, பப்படம்னு சொல்லுவியா?"

காவல் போட்ட ஹெடர்

திருத்தத்தைத் திரும்ப எழுதப் பத்து நிமிடம் போதும். ஆனால் இனி ஒருவர் மேல் ஒருவர் எழுதக் கூடாது என்ற புத்தி எங்களுக்கு அன்றைக்குத்தான் வந்தது. முதலில் திரைக்கு ஒரு தனி ஃபைல். அதற்கும் main ஃபைலுக்கும் பொதுவான அறிவிப்புகளை வைக்கும் ஹெடரில் ஷைனி int soodu = 0; என்று எழுதினாள். soodu இரண்டு தடவை இருக்கிறது என்று, கம்பைல் ஆன ஃபைல்களை ஒன்றாக்கும் லிங்கர் இணைக்க மறுத்தது.

ஹெடருக்கு #ifndef காவல் போட்டிருக்கிறேனே என்றாள். நம்மில் பாதிப்பேர் சொல்வதுதான். அந்தக் காவல் ஒரே ஃபைலுக்குள் ஹெடர் இருமுறை நுழைவதைத்தான் தடுக்கும். ஃபைல்களோ தனித்தனியாகக் கம்பைல் ஆகி, ஆளுக்கொரு soodu-வை உண்டாக்குகின்றன. ஹெடரில் extern int soodu; என்று அறிவிப்பு மட்டும் வைத்து, மதிப்பை ஒரே ஒரு .c ஃபைலில் எழுதினோம். ஷைனி சொன்னாள்: "அப்பம் ரெண்டு ஃபைலும் தனித்தனியா பெத்து, ஒரே பேரு இட்டிருக்கு."

உள்ளே ஒன்றுமில்லாத ஃபங்ஷன்

ஹீட்டரைப் பிரித்தது நான். அதில் அணைக்கும் ஃபங்ஷனான heater_off என்று ஒன்று இல்லவே இல்லை என்றது லிங்கர். கண்ணெதிரே எழுதி வைத்திருக்கிறேன். மணி மூன்றரை. தங்கராஜ் அண்ணன் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திரையையாவது பார்க்கலாம் என்று, main ஃபைலில் உள்ளே ஒன்றுமில்லாத ஒரு heater_off எழுதினேன். பிழை மறைந்தது, திரை ஒளிர்ந்தது. அந்த அவசரத்தில் அப்படியே பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவர் படியிறங்கும்போது எந்தெந்த ஃபைலைக் கம்பைல் செய்வது என்ற பட்டியலான makefile-ஐ ஷைனி பார்த்தாள். என் புது ஃபைலின் பெயரே அதில் இல்லை. கம்பைலர் அதைத் தொட்டதே இல்லை. பெயரைச் சேர்த்தாள். heater_off இரண்டு தடவை இருக்கிறது என்று லிங்கர் காலையில் பாடிய அதே பாட்டைப் பாடியது. என் திருத்தம் அந்தப் புது ஃபைலில்; பெட்டிக்குள் போனதோ வெற்று ஃபங்ஷன். அணைக்கவே தெரியாத பெட்டி அவர் கையில். ஓடிப்போய் வாங்கி வந்தேன். வெற்று ஃபங்ஷனை நீக்கி, ஹீட்டருக்குப் பதில் ஒரு பல்பை மாட்டி, சென்சரைக் பால் விடாத, கொதிக்கும் கட்டன் சாயாவில் முக்கினோம். பல்பு அணைந்தது. நாலு மணி பஸ்ஸும் போயிருந்தது. அடுத்த பஸ்ஸில் பெட்டியோடு அவரை ஏற்றிவிட்டோம்.

மறுநாள் மத்தியானம் தங்கராஜ் அண்ணன் ஃபோன் செய்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். "எங்க வீட்டுக்காரி இப்பம் ஒறங்குதா மக்கா. இனி முழிச்சிருக்க வேண்டியது ஒங்க பெட்டிதான்."

அன்றிலிருந்து பிழை ஒன்றும் இல்லாமல் கம்பைல் ஆனால் நான் சந்தோஷப்படுவதில்லை, முதலில் பல்பைத் தேடுகிறேன்.