நாலாயிரம் ஆதாரங்களும் ஒரு பேத்தியும்

கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரும் டவுன் பஸ்ஸில் இருந்தேன். நேற்றுப் பிறந்த பேத்தியின் முதல் படத்தைச் சென்னையிலிருந்து மகள் அனுப்பினாள். கைப்பேசியில் இடமில்லை, படம் இறங்கவில்லை.

ஒரு மாதமாகத் திறக்காத செயலிகள் பதினொன்றை முறைப்படி நீக்கினேன். அப்போதும் இறங்கவில்லை. பக்கத்து இருக்கைப் பூ வியாபாரியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஆப்பையே அழிச்சிக்கினு இருந்தா எப்டி சார்? போட்டோ எவ்ளோ இருக்குனு பாருங்க. அதான் ஜாஸ்தி எடம் புடிக்கும்."

பார்த்தேன். நாலாயிரத்துக்கும் மேல் ஸ்கிரீன்ஷாட்டுகள். எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். காலை வணக்கப் படமும் குடும்பப் படமும் கூடாது என்பது விதி. மீறியவர்களுக்கு எதிராகத் தேதிவாரியாக நான் சேர்த்த ஆதாரங்கள் அவை என்று அவரிடம் விளக்கினேன்.

"இத்த வெச்சிக்கினு கோர்ட்டுக்கா போவப்போறீங்க? அழிச்சிட்டு கொழந்தயப் பாருங்க சார்!"

அழித்தேன். பேத்தி வந்தாள், கண்ணை மூடி, முஷ்டியை இறுக மடக்கியபடி.

அடுத்த நிமிடமே அந்தப் படத்தைத் தெருக் குழுவில் பதிவிட்டேன். விதிமீறல்தான், மறுக்கவில்லை. ஆதாரம் எடுத்து வைக்க விரும்பும் உறுப்பினர்கள், தங்கள் கைப்பேசியில் இடமிருக்கிறதா என்பதை முதலில் சரிபார்த்துக்கொள்ளவும்.