சலித்த மனிதனுக்கு ஒரு வீடு தேவை

படப்பிடிப்புக்கு இடம் பிடித்துக் கொடுக்கிற வேலையில் ஒரு வசதி உண்டு: யார் வீட்டுக்குள்ளும் நுழைந்து, அறை அறையாகப் பார்த்து, "இது சரிப்படாது" என்று சொல்லிவிட்டு வெளியே வரலாம், யாரும் அடிக்க மாட்டார்கள். சொந்த வீட்டில் மட்டும் அப்படிச் செய்ய முடியாது என்பதை என் நாற்பத்தெட்டாவது வயதில் தெரிந்துகொண்டேன்.

அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் சொட்டுநீர்ப் பாசனக் குழாய் விற்றேன். என்னோடு ஒரே பைக்கில் தோட்டம் தோட்டமாகச் சுற்றியவன் ராஜு. ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு தோட்டத்து வாசலில் இறங்கியவன், "செத்த இருடா" என்று வரப்பில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. என்னைவிட ஒரு வயது சின்னவன். அதற்குப் பிறகு குழாய்ச் சுருளைப் பார்த்தாலே எனக்கு மூச்சு முட்டியது. மூன்றாவது மாதம் வேலையை விட்டேன். விட்ட பிறகுதான் மனைவி ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் பள்ளிக்கூட டீச்சர். ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமாகி, வயது நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அது எப்படிப்பட்ட மூன்று வாரம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு சின்னப் படக் குழு சின்னமனூருக்கு வந்தது. ஊரும் தோட்டமும் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டார்களாம். யாரோ என்னைக் கைகாட்டிவிட்டார்கள். கதை இதுதான்: ஐம்பதை நெருங்குகிற ஒரு குமாஸ்தா, ஒருநாள் ஆபீசுக்குக் கிளம்பியவர் ஆபீசைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறார். கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் அழுகை. டைரக்டருக்கு வயது இருபத்தொன்பது. இந்த வயதில் இந்தக் கதை எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

"எங்கப்பாவைப் பார்த்துதான் சார். நாலு நாள்ல திரும்பி வந்துட்டார். எங்கே போனார்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லலை."

ஏழு வீடுகள்

குமாஸ்தாவின் வீடு வேண்டும் என்றார். பார்த்தவுடனே அந்த மனுஷன் சலித்துப்போனவர் என்று தெரிய வேண்டுமாம். ஏழு வீடு காட்டினேன். ஒரு வீட்டில் நாங்கள் வருவது தெரிந்து முன்கூடத்துக்கு ரோஸ் பெயிண்ட் அடித்து, ஈரம்கூடக் காயாமல் வைத்திருந்தார்கள். இன்னொன்றில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். "இது வேலைக்கு ஆகாது சார், ரொம்ப சந்தோஷமா இருக்காங்க" என்று டைரக்டர் திரும்பிவிட்டார்.

அலைந்து களைத்து, ஒரு வாய் காபி குடிக்கலாம் என்று என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். உள்ளே கால் வைத்தவர் அப்படியே நின்றார். கூடத்தில் போன வருஷத்துக் காலண்டர். சர்க்கரை வந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் வாங்கிய நடக்கிற மிஷின். இரண்டு வாரம் நடந்தேன், பிறகு அதில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். மிஷினின் கைப்பிடியில் என் பனியன் தொங்கியது. "சார், இதுதான்! ஒண்ணையும் மாத்தாதீங்க, அந்தப் பனியன் உள்பட!" என்று குதித்தார்.

காபித் தம்ளரோடு வந்த ஸ்டெல்லா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். மூன்று வாரத்துக்குப் பிறகு என் காதுபட அவள் பேசிய முதல் நீளமான வாக்கியம் அதுதான்: "நம்ம வீட்டப் பாத்தா அம்புட்டுச் சலிப்பாவா தம்பி தெரியுது?"

பந்தலுக்கடியில்

ஓடைப்பட்டியில், என்னிடம் முன்பு குழாய் வாங்கிய செல்லமுத்து அண்ணன் தோட்டத்தில் திராட்சைப் பந்தலுக்கடியில் ஒரு காட்சி. நாயகன் தனியாக உட்கார்ந்து அழ வேண்டும். நடிகர் நல்ல மனுஷன், ஆனால் அன்றைக்குக் கண்ணீர் வரவில்லை. ஆறு தடவை எடுத்தார்கள், ஏழு தடவை எடுத்தார்கள். செல்லமுத்து அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காலையிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் என் காதருகே வந்து, "எதுக்குய்யா அந்தாளு அழுகணும்? வீட்ல எழவா?" என்றார்.

"அதெல்லாம் இல்லண்ணே. வேல இருக்கு, வீடு இருக்கு, பிள்ளைகளும் நல்லா இருக்காக. ஆனாலும் ஏதோ ஒண்ணு இல்லாத மாதிரி இருக்காம்" என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது, என்னமோ என்னைப் பற்றியே சொல்கிற மாதிரி. அவர் சிரிக்கவில்லை. மேலே தொங்கிய ஒரு கொத்தை லேசாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எனக்கும் அம்பது வயசு வாக்குல இப்பிடித்தான்யா இருந்துச்சு. காலையில உக்காந்து அழுகலாம்னா மருந்தடிக்க ஆள் வந்துருவாக, சாயங்காலம் அழுகலாம்னா யாவாரி வந்துருவாக. அப்பிடியே தள்ளிப் போட்டு அறுபத்திரண்டு ஆயிருச்சு."

முதுகு

ஆபீசைத் தாண்டிப் போகிற குமாஸ்தா சின்னமனூரிலிருந்து மேகமலை ரோட்டில் பைக்கில் ஏறுகிறார். அன்றைக்குப் பார்த்து நடிகருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பின்னாலிருந்து எடுப்பதுதானே, உடம்பு வாகு ஒன்றுபோல இருக்கிறது என்று என்னை ஏற்றிவிட்டார்கள். அவருடைய சட்டை, அவருடைய ஹெல்மெட். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் நிறுத்த வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

நான் நிறுத்தவில்லை. வேண்டுமென்று செய்ததில்லை. ராஜு போன பிறகு பஸ்ஸிலேயே அலைந்தவன், அன்றைக்குத்தான் பைக்கைத் தொட்டேன். எத்தனையோ வருஷமாகப் பின்சீட்டில் ஒருவன் உட்கார்ந்து, பள்ளம் வந்தால் திட்டி, கடை வந்தால் தோளைத் தட்டி, பேசிக்கொண்டே வருவான். அன்றைக்குப் பின்னால் பாரமே இல்லை. பைக் காகிதம் மாதிரி பறந்தது. நாலாவது வளைவு, ஐந்தாவது வளைவு. ஹெல்மெட்டுக்குள் நான் சத்தம் போட்டு அழுதுகொண்டே போனேன். எங்கே போய் நின்றிருப்பேனோ தெரியாது. எதிரே ஒரு பஸ் இறங்கி வந்து ஹார்ன் அடித்தது. ஓரம் கட்டி நின்றேன்.

பின்னால் துரத்தி வந்த வேன் வந்து நின்றது. திட்டு விழும் என்று ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைக் குனிந்துகொண்டேன். இடுப்பைப் பிடித்தபடி முதலில் இறங்கியவர் அந்த நடிகர்தான். என் முகத்தைப் பார்த்தார்.

"பதினஞ்சு நாளா நான் மூஞ்சியில கொண்டுவரப் பார்த்தது, உங்க முதுகுல இருக்கு சார்" என்றார்.

டீச்சர் சொன்ன வசனம்

கடைசி நாள், குமாஸ்தா வீடு திரும்புகிற காட்சி. எங்கள் வீட்டுக் கூடம்தான். மனைவியாக நடித்த அம்மாள், "ஏன் போனீங்க?" என்று கேட்க வேண்டும். நாலைந்து விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டு, "எப்படிக் கேட்டாலும் பொய்யா இருக்கு" என்று உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பள்ளிக்கூடம் விட்டு ஸ்டெல்லா உள்ளே வந்தாள். டைரக்டர் அவளிடமே கேட்டுவிட்டார்: "டீச்சர், உங்க வீட்டுக்காரர் இப்படிப் போயிட்டுத் திரும்பி வந்தா என்ன கேட்பீங்க?"

கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே கொஞ்சம் யோசித்தாள். "ஏன் போனீகன்னு கேக்க மாட்டேன். அது எனக்குத் தெரியும். போகணும்னு எனக்கு எத்தன நாள் தோணியிருக்கும், ஒரு நாளாவது கேட்டீகளான்னு கேப்பேன்." எல்லோரும் டைரக்டரைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

குழு சாமான்களை ஏற்றிக்கொண்டு போனதும் கேட்டேன், "எங்க போகணும்னு தோணுச்சு?" என்று. நடக்கிற மிஷினிலிருந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"எங்கிட்டும் இல்ல. பஸ் ஸ்டாண்டுல ஒரு டீ குடிச்சிட்டு, குமுளி பஸ்ஸு கெளம்புறதப் பாத்துட்டு வீட்டுக்கு வந்துருவேன். எனக்கு நீங்க வேலைய விட்டது பெருசில்ல. ராஜு அண்ணன் எறந்தப்ப நீங்க அழுகவே இல்ல, அதுதான் பயமா இருந்துச்சு."

பகல் காட்சி

படம் வந்தது. தேனியில் ஒரு தியேட்டரில் ஐந்தாம் நாள் பகல் காட்சிக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். மொத்தம் பதினாலு பேர் இருந்தோம். என் முதுகு திரையில் ஒரு நொடி கூட வரவில்லை. ஆனால் ஸ்டெல்லாவின் வசனம் முழுசாக வந்தது, ஒரு எழுத்து மாறாமல். அப்போது எங்களுக்கு முன்வரிசையில், புருஷனோடு வந்திருந்த ஒரு அம்மாள் திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"கேளு ஆத்தா, நல்லாக் கேளு! இங்கனயும் ஒரு ஆளு உக்காந்திருக்காரு, அவருக்கும் சேத்துக் கேளு!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அந்தப் புருஷன் உட்பட. ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏழாம் நாள் தியேட்டரிலிருந்து படத்தைத் தூக்கிவிட்டார்கள். நான் இப்போது சின்னமனூரில் சொந்தமாகச் சொட்டுநீர்க் குழாய் பழுது பார்க்கிறேன், மூச்சு முட்டுவதில்லை. படக்காரர்கள் வந்தால் இடமும் காட்டுகிறேன்.

ஐம்பதை நெருங்குகிற உங்களுக்கும் ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுப் போய்விட வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகப் போங்கள், தப்பில்லை. கிளம்புவதற்கு முன் வீட்டில் இன்னொருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாரா என்று மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுங்கள்.