ஊசியக்கா ஏரியைத் தாண்டியது

ஊசி அறையில் அன்றைக்கு அவள்தான் என்று தெரிந்தால், பாதிப் பேருக்குக் காய்ச்சல் ஆஸ்பத்திரி வாசலிலேயே இறங்கிவிடும். ஊருக்கே அவள் ஊசியக்கா. "கண்ணை மூடிக்கோ, மூணு எண்ணப்போறேன்" என்பாள். ஒன்று, இரண்டு... மூன்று பிறப்பதற்குள் ஊசி உள்ளே போய், வெளியே வந்து, குப்பைப் பெட்டியில் காலை நீட்டிப் படுத்திருக்கும். முறுக்கு மீசைகளையெல்லாம் முனகவிட்ட கை அது.

அப்பேர்ப்பட்டவளுக்கு உயரம் மட்டும் ஆகாது. பல்பு மாற்ற முக்காலியில் ஏறினாலே முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் பேச ஆரம்பித்துவிடும். வாடகைக்கு வீடு பார்த்தபோது தரைத்தளம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதற்குமேல் நிற்க அவளுக்குத் துணிச்சல் இல்லை.

மகளோ பத்து வயதில் போடவேண்டிய தடுப்பூசிக்கு டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கடியில் ஒளிந்தாள், அலமாரிக்குள் ஒளிந்தாள், ஒருமுறை அப்பாவின் மழைக்கோட்டுக்குள், உள்ளே அப்பா இருக்கும்போதே ஒளிந்தாள். ஊருக்கெல்லாம் குத்துகிறவள் சொந்த மகளைக் கோட்டைவிட்டாள் என்ற மானக்கேடு ஒருபக்கம். பிள்ளைக்கு ஏதாவது வந்துவிட்டால் என்ற நிஜமான கலக்கம் மறுபக்கம். கடைசியில் மகளே பேரத்துக்கு வந்தாள்.

"நீ ஜிப்லைன்ல போ. அன்னிக்கே நான் ஊசி போட்டுக்கறேன்."

ஏரியின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கம்பி இழுத்து, இடுப்பில் வார் பூட்டி, ஆளைக் காற்றில் வழுக்கிவிடுகிற விளையாட்டு. விடுமுறை நாளில் மூவரும் கோபுரம் ஏறினார்கள். ஊசியக்கா பிடித்த பிடியில் கைப்பிடிக் கம்பி ஒரு சுற்று இளைத்துப்போனது. பஸ் ஓட்டுகிறவரான கணவர், வளைவில் திருப்புவதுபோலக் கைகளைச் சுழற்றிக்கொண்டே, வாயாலேயே ஹாரன் அடித்தபடி முதலில் அக்கரை சேர்ந்தார். அம்மா நழுவிவிடாமல் காவல் காக்க மகள் பின்தங்கினாள்.

"பயமா இருந்தா சொல்லும்மா, இறங்கிடலாம்," என்றாள், குரலில் தேன் வழிய. "ஊசியும் வேணாம், சரியா?"

"யாருடி பயந்தா? காத்து அடிக்குது, கால் ஆடுது."

வாரை மாட்ட வந்த ஆள் முகம் மலர்ந்தார். "ஊசியக்கா! என்னைத் தெரியலையா? நாய் கடிச்சு வந்தேனே!"

"முகத்தை யாருப்பா பாத்தா? கையைக் காட்டு."

காட்டினார். அவள் தலையாட்டினாள். "ஆமா, அழுதது நீதான். கொக்கி கெட்டியா இருக்குல்ல?"

"யானையே தொங்கலாம்க்கா."

"தொங்கி இருக்கா?"

"இன்னும் வரலக்கா. கண்ணை மூடிக்கங்க, மூணு எண்ணுவேன்."

அவளுக்குள் ஏதோ பொறி தட்டியது. தட்டி என்ன செய்ய?

"ஒண்ணு... ரெண்டு..."

"அடப்பாவீ...!"

அந்த 'வீ' ஏரியின் முழு நீளத்துக்கும் நீண்டது. கொக்குகள் குடும்பத்தோடு பக்கத்து ஏரிக்குக் குடிபெயர்ந்தன. மீன்கள் என்னவோ ஏதோ என்று தலை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயின. நடு ஏரியில் காற்று வாய்க்குள் புகுந்து கன்னத்தைப் பலூனாக்கியபோது, அந்த 'வீ' எப்படியோ 'ஹீ' ஆயிற்று. 'ஹீ' போய் 'ஹிஹி' ஆயிற்று. அக்கரையில் கணவர் இரண்டு கையாலும் இழுத்து நிறுத்தியபோது அவள் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். கொண்டை ஒருபக்கம், கொண்டை ஊசிகள் ஏரியில்.

பின்னாலேயே மகள் வந்து இறங்கினாள். வாக்கு வாக்குதான் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு அம்மாவைத் தேடினாள். அம்மா அதற்குள் திரும்பிப் போகிற கம்பிக்கான வரிசையில் நின்றாள், முன்னால் இருந்தவரைத் தோளால் லேசாக இடித்தபடி.

"அம்மா! வா, ஊசி போடு!"

"இருடி, இன்னும் ஒரே ஒரு தடவை!"

"இப்பவே போடணும்! அப்புறம் நான் மனசு மாறிடுவேன்!"

முந்தானையைப் பிடித்து, ஊசி ஊசி என்று கத்தியபடி, அடம்பிடிக்கும் அம்மாவைத் தரதரவென்று ஆஸ்பத்திரிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள் மகள்.