வரவேற்பு வாரத்து வெளிநாட்டுக்காரி

சேலம் ஜங்ஷனில் எனக்காக வாங்கி வந்த ரோஜா மாலை ஒரு வெள்ளைக்காரியின் கழுத்தில் விழுந்தது. ஏற்காட்டுக்குப் போக வந்தவள் அவள். முதுகில் மூட்டை, காலில் ரப்பர் செருப்பு, எண்ணெய் காணாத தலை. கூட வந்தவன் அவளைப் படம் எடுத்தான். இந்த நாட்டில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களுக்கெல்லாம் மாலை போடுவது வழக்கம் என்று இருவரும் நம்பியிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே கும்பிட்டுவிட்டு மாலையோடு வெளியே போய்விட்டார்கள்.

மாலை போட்டவர் எங்கள் கல்லூரித் தாளாளர். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்துப் பெரிய ஆளானவர். எண்பதுகளின் நடுவில் அந்தப் பக்கம் கையில் காசு சேர்ந்தவர்களுக்குக் கல்லூரி தொடங்கும் ஆசை வந்திருந்தது. இவர் பெண்களுக்கென்று ஒன்று தொடங்கியிருந்தார். வெளிநாட்டிலிருந்து ஒரு மாணவி வருகிறாள் என்று குமாஸ்தா சொன்னதும் மாலைக்குச் சொல்லிவிட்டார். விண்ணப்பத்தில் என் பெயரும் அப்பா பெயரும் அச்சு அசல் தமிழ்ப் பெயர்கள். ஆனால் விண்ணப்பத்தைப் படிப்பது குமாஸ்தா வேலை. தாளாளர் வேலை மாலை போடுவது.

பெட்டியோடு போய் அவர் முன்னால் நின்று, "நான்தாங்க மலேசியாவிலிருந்து வர்றேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் தோளுக்கு மேலாக ரயிலைப் பார்த்தார். ரயில் நகர்ந்துகொண்டிருந்தது.

அம்பாசிடர் காரில் கிளம்பினோம். மல்லூர் தாண்டியதும் அவர் முன் ஸீட்டிலிருந்து திரும்பினார்.

"ஏனம்மிணி, மலேசியாவுல எல்லாரும் இப்படித்தான் இருப்பாங்களா?"

"எப்படிங்க?"

"இல்ல, நம்மாளுங்களாட்டவே."

"நாங்க தமிழருங்கதாங்க."

"அப்பறம் எதுக்கு வெளிநாடுன்னு எழுதிப்போட்டீங்க?" என்றார் வருத்தமாக.

அங்கே பல்கலைக்கழகத்தில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. தாத்தா பிறந்த சீமையில் ஒரு புதுக் கல்லூரி திறந்திருக்கிறது, செலவும் குறைவு என்று கேள்விப்பட்டு அப்பா அனுப்பினார். சென்னையில் அவருடைய நண்பர் என்னை ரயிலேற்றிவிட்டார். மாலையைக் கெடுக்க வேண்டுமென்று நான் வரவில்லை.

கல்லூரி ஒரு பொட்டலில் நின்றது. சுற்றிலும் சோளக்காடு, கொஞ்சம் தள்ளிக் கோழிப்பண்ணை. காற்று திரும்பினால் வகுப்பறை ஜன்னல்களைச் சாத்த வேண்டும். வாசலில் புதுப் பெயிண்ட் வாசத்தோடு ஒரு பலகை: 'வெளிநாட்டு மாணவிகள் பயிலும் கல்லூரி'. அந்த மாணவிகள் எல்லாரும் நானே.

அன்று தொடங்கியது 'புதுமுக மாணவியர் வரவேற்பு வாரம்'. வரவேற்பின் முதல் கட்டமாக விடுதி வார்டன் என் பெட்டியைத் திறந்து கவிழ்த்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. இடுப்பில் சாவிக்கொத்து. நடந்தால் முன்கூட்டியே சத்தம் கேட்கும். என் இரண்டு ஜீன்ஸ் பேண்ட்களையும் விரல் நுனியால் தூக்கிப் பிடித்து, செத்த எலியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இது ஆம்பளை உடுப்பு. இங்க தாவணி, சேலை. ரெண்டுல ஒண்ணு."

"சேலையும் கொண்டாந்திருக்கேங்க."

"அப்ப இது எதுக்கு?" பேண்ட் இரண்டும் அவர் அறை பீரோவுக்குள் போயின. சாவி இடுப்புக்குப் போனது.

என் அறையில் திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி. அவளைக் கொண்டுவிட வந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்து முறுக்கு டின்னைத் திறந்துகொண்டிருந்தார். காதில், கழுத்தில், கையில் தங்கம். நல்ல மனுஷி. என்னைக் கண்டதும் விசாரணையை ஆரம்பித்தார்.

"எந்தூருங்க அம்மிணி?"

"மலேசியாங்க."

"அது நாடுங்க சாமி. ஊரு எது?"

"ஊருன்னு இல்லீங்க. தோட்டம்."

அவர் முகம் மலர்ந்தது. "தோட்டங்களா! எத்தன ஏக்கரு இருக்கும்?"

"சரியாத் தெரியாதுங்க. ஆயிரத்துக்கு மேல இருக்கும்."

முறுக்கு டின் மூடி கீழே விழுந்து உருண்டது. "ஆயிரம் ஏக்கரா! என்ன போட்டிருக்கறீங்க?"

"ரப்பருங்க."

"கண்ணு, அந்தப் புள்ளைக்கு முறுக்கு எடுத்துக் குடு. அவுங்களும் நம்மளாட்டத் தோட்டத்துக்காரவிய" என்றார் மகளிடம்.

எங்கள் நாட்டில் தோட்டம் என்றால் கம்பெனிக்காரன் நிலம். அதில் பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்து, கம்பெனி வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் குடியிருப்பவர்கள் நாங்கள். அந்த அம்மா ஊரில் தோட்டம் என்றால் சொந்தக் கிணறு, சொந்த மோட்டார், சொந்த மண். அவர் கேட்டதும் சரி, நான் சொன்னதும் சரி. அன்று மூன்று முறுக்கு தின்றேன்.

வாரம் முழுக்கச் சொற்பொழிவு. லாரி ஷெட் போலத் தகரம் வேய்ந்த ஒரு கொட்டகையைக் கலையரங்கம் என்றார்கள். காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் இட்லிப் பானைக்குள்ளிருந்து எழுந்து வருகிற மாதிரி வருவோம். பேச வந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். எல்லாரும் பெண்மையைப் பற்றியே பேசினார்கள். எப்படி நடக்க வேண்டும், எப்படிச் சிரிக்கக் கூடாது, பஸ்ஸில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பட்டணத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், படித்த பெண் குடும்ப விளக்கு என்று தொடங்கி, பெண்கள் ரொம்பப் படித்தால் கண் கெட்டுவிடும் என்று முடித்தார். நூலகம் எங்கே, எந்தப் பாடத்துக்கு யார் ஆசிரியர், ஆய்வுக்கூடம் எப்போது திறக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லும்படி எதுவும் இல்லை என்பது பின்னால் தெரிந்தது.

வியாழக்கிழமை மாலை சாவிக்கொத்து எங்கள் அறைப் பக்கம் வந்தது. வார்டன் கையில் என் பேண்ட். இஸ்திரி போட்டு, மடிப்பு கத்தி மாதிரி நின்றது.

"நாளைக்கு விழாவுக்கு இதைப் போட்டுக்க."

"நீங்கதானே ஆம்பளை உடுப்புன்னு..."

"தாளாளர் சொல்லிட்டாரு. சென்னையிலேர்ந்து பிரமுகர் வாராரு. சேலை கட்டிட்டு நின்னா உன்னைய வெளிநாடுன்னு யாரு நம்புவா?" என்றவர், மனசாட்சிக்காக ஒன்று சேர்த்துக்கொண்டார். "மேடைல நிக்கற வரைக்கும் போட்டுக்கலாம். இறங்குனதும் கழட்டிக் குடுத்துரோணும்."

வெள்ளிக்கிழமை காலை தாளாளரே கூப்பிட்டு இன்னொரு கட்டளை போட்டார். "அம்மிணி, மேடைல தமிழ் பேசிப்போடாதீங்க. அவுரு கேட்டா இங்கிலீசுல ரெண்டு வார்த்த. மத்ததுக்கெல்லாம் சும்மா சிரிச்சுப்போடுங்க."

பிரமுகர் மூன்று மணி நேரம் தாமதமாக வந்தார். தகரக் கொட்டகையில் மாணவிகளும் பெற்றோரும் துண்டாலும் அழைப்பிதழாலும் விசிறிக்கொண்டு காத்திருந்தார்கள். என் அறைத்தோழியின் அம்மா முன்வரிசையில் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தார். நான் ஜீன்ஸில் மேடையேறியதும் பின்வரிசையில் ஒரு சலசலப்பு. பொட்டு வைக்க வேண்டாம் என்று வார்டன் அழித்துவிட்டிருந்தார். கண்ணாடியில் பார்த்தபோது காய்ச்சலில் படுத்து எழுந்தவள் மாதிரி இருந்தேன்.

தாளாளர் ஒலிபெருக்கியில், "நம்ம கல்லூரியத் தேடிக் கடல் தாண்டி வந்த வெளிநாட்டு மாணவி" என்றார். பிரமுகர் என்னிடம் ஆங்கிலத்தில் பெயர் கேட்டார். சொன்னேன். அந்தப் பெயரில் அந்தக் கொட்டகையிலேயே பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"இந்தக் குழந்தைக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தமிழ் இவளை அழைத்து வந்திருக்கிறது. இந்த மேடையிலேயே முதல் சொல்லைக் கற்றுத் தருகிறேன்" என்று என் பக்கம் திரும்பினார். "எங்கே சொல்லு. வ... ண... க்... கம்."

தாளாளரைப் பார்த்தேன். அவர் சிரிக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

"வ... ண... க்... கம்" என்றேன்.

கைதட்டல் தகரத்தில் மோதித் திரும்பி வந்தது. ஐந்து நாளாக குழாயடி வரிசையில் பக்கெட்டோடு நின்று என்னிடம் தமிழில் சண்டை போட்ட பெண்களும் தட்டினார்கள். பிரமுகருக்கு உற்சாகம் வந்துவிட்டது. 'அம்மா' சொல்லித் தந்தார். 'அப்பா' சொல்லித் தந்தார். நானும் திக்கித் திக்கிச் சொன்னேன். அதோடு விட்டிருந்தால் எல்லாருக்கும் நல்லதாகப் போயிருக்கும். அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"அம்மா அப்பா என்ற சொல் மட்டும் போதாது. அவர்களை மதிப்பதையும் இவள் நம்மிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். இவர்கள் நாட்டில் பெற்றவர்களை யார் மதிக்கிறார்கள்? உடையைப் பார்த்தாலே தெரியவில்லையா, எப்படி வளர்த்திருக்கிறார்கள் என்று?"

விடியுமுன் எழுந்து மரம் வெட்டி என்னைப் படிக்க வைத்தவர் அம்மா. பாதி சம்பளத்தைத் தாத்தாவின் ஊருக்கு அனுப்பிவிட்டு மீதியில் எங்களை வளர்த்தவர் அப்பா. ஒலிபெருக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இழுத்துக்கொண்டேன்.

"ஐயா, எங்க தாத்தா ஆத்தூருப் பக்கத்திலேர்ந்து கூலியாக் கப்பலேறிப் போனவரு. அப்பா அம்மா இன்னைக்கும் தோட்டத்துல பால்மரம் வெட்டுறாங்க. அவங்களை மதிக்க எனக்குத் தெரியும். இந்த உடுப்பை என்னை வளர்த்தவங்க போடச் சொல்லல, இந்தக் கல்லூரிதான் போடச் சொல்லுச்சு. இத்தனை பெத்தவங்களை மூணு மணி நேரம் தகரத்துக்கு அடியில காக்க வச்சது என்ன மரியாதைன்னு மட்டும் எனக்கு விளங்கல."

கொட்டகையில் விசிறிக்கொண்டிருந்த அழைப்பிதழ்கள் நின்றன. பிரமுகர் சோடாவை எடுத்தார், குடிக்கவில்லை. வார்டன் சாவிக்கொத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். என்னை அடுத்த ரயிலில் ஏற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

தாளாளர் பட்டறை நடத்திய மனிதர். அச்சு முறிந்த வண்டியையும் உருட்டிக்கொண்டு போய் விற்றுவிடுவார். ஒலிபெருக்கியை என்னிடமிருந்து வாங்கி, இரண்டு கையையும் விரித்தார்.

"கேட்டீங்களா? கேட்டீங்களா! திங்கக்கெழம வந்த புள்ளைங்க. இன்னைக்கு வெள்ளி. தமிழு எப்படிப் பேசுதுன்னு பாத்தீங்களா! இதுதானுங்க நம்ம கல்லூரி!"

முதலில் தட்டியவர் பிரமுகர். தப்பிக்க அவருக்கும் அதுதான் வழி. அப்புறம் மொத்தக் கொட்டகையும் தட்டியது. வணக்கத்துக்குத் தட்டியதைவிடப் பலமாக. நான் என்ன சொன்னேன் என்பது அந்தச் சத்தத்தில் கரைந்துபோனது.

ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. என் அறைத்தோழியின் அம்மா. கூலி என்ற வார்த்தை அவர் காதில் தெளிவாக விழுந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடி வந்தார். நேராக வார்டன் அறைக்குப் போனார். நான் வராந்தாவில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கதவை அவர்கள் சாத்தவில்லை.

"ரூமு மாத்திக் குடுங்க. தோட்டத்துக்காரவியன்னு நெனச்சுப்போட்டேன். என்ன ஆளுங்களோ, எந்தத் தெருவோ."

"மாத்தலாமுங்க. ஆனா அந்தப் புள்ளை இங்கிலீசு வெள்ளக்காரனாட்டம் பேசும். கூட இருந்தா உங்க பொண்ணுக்கும் ஒட்டிக்கும். நாளைக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப ஆகுமில்லீங்க?"

உள்ளே அந்த அம்மாவின் வளையல்கள் குலுங்கிக்கொண்டே இருந்தன. சாதியும் இங்கிலீஷும் தராசில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன போலிருக்கிறது. கடைசியில் அந்த அம்மா அறையை மாற்றவில்லை. அடுத்த வாரம் மகளுக்கென்று புது எவர்சில்வர் குடமும் டம்ளரும் கொண்டுவந்து கட்டிலுக்கு அந்தப் பக்கம் வைத்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மிணி. ஊட்டுல பெரியவிய ஒத்துக்க மாட்டாங்க" என்றார் என்னிடம். இந்த முறை முறுக்கு டின்னைத் திறக்கவில்லை.

அவர் போன பிறகு அறைத்தோழி குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சமத்துவம் பற்றி ஒன்றும் பேசவில்லை. குழாய் கீழே, எங்கள் அறை மாடியில். "ரெண்டு குடத்த யாரு தூக்கறது?" என்று சொல்லிவிட்டு, முறுக்கையெல்லாம் புதுக் குடத்தில் கொட்டி மூடினாள். தண்ணீரை என் குடத்திலிருந்தே மொண்டு குடித்தாள். முறுக்கு நமுத்துப்போகாமல் நன்றாக இருந்தது. அம்மா வருகிற அன்று மட்டும் முறுக்கை எடுத்து ஒளித்துவிட்டு, குடத்தைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைப்பாள்.

மறுவருஷச் சேர்க்கையில் கல்லூரி வராந்தா நிரம்பி வழிந்தது. 'ஐந்தே நாளில் தமிழ் பேசிய வெளிநாட்டு மாணவி' என்று தாளாளர் நோட்டீஸ் அடித்து ராசிபுரம், ஆத்தூர்வரை கொடுத்திருந்தார். என்னை அலுவலகத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பார்த்துவிட்டுப் போனவர்கள் பலர். மகளோடு வந்த ஒரு விவசாயி மட்டும் தாளாளரிடம் நியாயமாகக் கேட்டார்.

"ஏனுங்க, அஞ்சு நாள்ல அந்தப் புள்ளைக்குத் தமிழு வந்துச்சுன்னா, எம்புள்ளைக்கு இங்கிலீசு எத்தன நாள்ல வருமுங்க?"

"மூணு வருசத்துல அருவியாட்டம் கொட்டுமுங்க" என்றார் தாளாளர் கொஞ்சமும் அசையாமல்.

அந்த ஆண்டு முழுக்க ஆங்கிலத்துக்கு ஆசிரியர் வரவில்லை. தீபாவளிவரை வார்டன் நடத்தினார். அதற்குப் பிறகு என்னை நடத்தச் சொன்னார்கள்.