அட்லஸ் அட்டைக்குள் பத்தொன்பது நாள்

என் சித்தப்பாவின் வழக்கைக் கொன்றவன் நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. வயதைச் சாக்காகச் சொல்லவில்லை, தெரிந்தேதான் செய்தேன்.

தாராவிக் குழாயடிச் சண்டையில் ஒருவன் மண்டையை உடைத்ததற்காகச் சித்தப்பாவுக்கு மூன்று மாதச் சிறை. நியாயமான தண்டனைதான் என்று அவரே சொல்வார். ஆனால் சிறை அலுவலகத்தில் யாரோ விடுதலைத் தேதியைத் தவறாக எழுதிவிட, பத்தொன்பது நாள் கூடுதலாக உள்ளே இருந்தார். தவறைக் கண்டுபிடித்த வேறொரு குமாஸ்தா நேர்மையானவர். விடவேண்டிய தேதி, விட்ட தேதி, ‘தாமதம் அலுவலகப் பிழை’ என்று ஒரு வரி, எல்லாவற்றையும் மராத்தியில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்.

மூன்று மாதமும் காத்திருந்த சித்தி, அந்தப் பத்தொன்பது நாளில் கோவண்டியில் இருந்த அண்ணன்மார் வீட்டுக்குப் போய்விட்டாள். உள்ளேயும் எவனையாவது அடித்திருப்பான், இல்லாவிட்டால் ஏன் விடவில்லை என்று அவர்கள் கேட்டார்கள். சீட்டோடு போன சித்தப்பாவை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

“சீட்டு எவனும் எழுதுவான். கோர்ட்டு சொல்லட்டும், பொறவு பாப்போம்.”

குர்லாவில் ஒரு வக்கீலைப் பிடித்தார். அரசாங்கத்தின் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போடலாம். ஆனால் வெளியே வந்த நாளிலிருந்து ஒரே வருடம்தான் கெடு, அசல் சீட்டும் வேண்டும் என்றார் வக்கீல்.

வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. ரேஷன் கார்டு முதல் எல்லாக் காகிதமும் என் பொறுப்பில் தகரப்பெட்டியில் இருந்தன. சாவி என் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. மாட்டுங்காப் பள்ளியிலோ, சித்தப்பா துபாயில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தேன். வழக்குப் போட்டால் பேப்பரில் பெயர் வரும். சீட்டை எடுத்து என் அட்லஸின் பழுப்பு அட்டைக்குள் செருகினேன்.

“ஏல, அந்தக் காகஜ் எங்கல?”

“பெட்டியில இல்ல சித்தப்பா.”

“நல்லாப் பாருல. படிச்ச புள்ளைன்னுதான ஒங்கிட்ட குடுத்தேன்!”

நகல் கேட்டுச் சிறைக்கு அலைந்தார். சாகேப் இல்லை, நாளை வா என்றே வருடம் முடிந்தது.

“உள்ள வச்சவன் தேதி பாக்கல. நான் கேக்கப் போனா மட்டும் தேதி பாக்கானுவ” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வழக்கு என்றால் பணத்துக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

சீட்டைக் கிழித்தெறிய மட்டும் தைரியம் வரவில்லை. வேலை, கல்யாணம், செம்பூரில் சொந்த வீடு என்று நான் போன இடமெல்லாம் அதுவும் வந்தது. ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து ஒரு வக்கீலிடம் காட்டினேன். ஒளித்தது நான்தான் என்று பிரமாணம் எழுதித் தருகிறேன் என்றேன். அந்தக் கெடு யார் குற்றத்தாலும் இத்தனை காலம் நீளாது என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகே தாராவிக்குப் போய்ச் சித்தப்பாவிடம் ஒப்புக்கொண்டேன். சீட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அந்த வரி அழியாம இருக்கால?”

“இருக்கு சித்தப்பா.”

“அப்பம் கோவண்டிக்குக் கொண்டு போ.”

அண்ணன்மார் காலமாகிவிட்டார்கள், சித்தி தனியாக இருந்தாள். ஒளித்தது நான்தான் என்று சொல்லிவிட்டு, சீட்டை விரித்து வாசிக்கத் தொடங்கினேன்.

“நீ வாசிக்காண்டாம். நீ வாசிச்சது போதும்” என்றவள், பக்கத்து ஒற்றையறை வீட்டிலிருந்து பள்ளிக்கூடப் பெண் ஒருத்தியை அழைத்தாள். அவள் மராத்தியில் வாசித்து இந்தியில் சொன்னாள். அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொல்லிச் சித்தி கேட்டாள்.

“அவிய சொன்னது நெசந்தானா” என்றாள்.

திரும்பி வருவது பற்றி அவள் பேசவில்லை, வரவும் இல்லை. அந்தப் பெண்ணை எதிர்க்கடைக்கு அனுப்பி ஜெராக்ஸ் எடுத்து வரச் செய்து, நகலை என்னிடம் நீட்டினாள்.

“இத அவியகிட்ட குடு. அசல் எங்கிட்ட இருக்கட்டும். நீ பத்திரமா வச்ச லெச்சணந்தான் தெரியுதே.”

சித்தப்பா ஜெயிலுக்குப் போனது தாராவி முழுக்கத் தெரியும். ஊருக்குத் தெரியாமல் இருந்தது அந்த ஒரு வரிதான். பன்னிரண்டு வயதில் அதை எழுத்துப் பிசகாமல் வாசிப்பேன். அதை யார் வாசிக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை.